ஓடை தாண்டிச் செத்த இளவரசன்

ஓடைக்கு அக்கரையில் இருப்பது வெள்ளந்திக்குறிச்சி. இக்கரை எங்கள் ஊர். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. நல்ல மனுஷர்கள். பொய் பேசமாட்டார்கள், வம்புக்குப் போகமாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் உள்ள கோளாறு.

ஞானசிகாமணி வாத்தியார் அங்கே குடிவந்ததை விதி என்றுதான் சொல்லவேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ்காரர்களின் சோக நாடகங்களைக் கரைத்துக் குடித்தவர். நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஊரைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கலாம் என்றிருந்தோம்.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு என்ன நாடகம் போடலாம் என்று அவர்கள் கூடிப் பேசியபோது வாத்தியார் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"உங்க நாடகமெல்லாம் கல்யாணத்துலயே முடியுது," என்றார். "இங்கிலீஷ் சோக நாடகத்துல அப்படி இல்லை. கடைசிக் காட்சியில ராஜா, ராணி, இளவரசன், சூழ்ச்சி பண்ணினவன், எல்லாரும் செத்துருவாங்க."

கூட்டம் அசந்துபோய்விட்டது.

"எல்லாருமா சார்?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் ஆவுடையப்பன்.

"எல்லாரும்."

"ஒரே நாள்லயா? உடம்புக்கு ஒண்ணும் முடியாமலா?"

"விருந்துல விஷம் வச்சிருவாங்க."

"விருந்துன்னா பாயசம் உண்டுலா," என்றார் ஆவுடையப்பன். "அதுல வச்சிருவோம்." அதோடு முடிவாகிவிட்டது.

வேஷம் பிரிப்பதில் சிரமம் இருக்கவில்லை. ஏற்கெனவே ஊர்த்தலைவர் என்பதால் ஆவுடையப்பன் ராஜா. அண்ணனைக் கொல்லப் பார்க்கும் தம்பி, பொன்னிசக்கி. எறும்பு கடித்தால்கூட அதை நோகாமல் எடுத்து இலைமேல் விடுகிற மனுஷர் அவர். ஊரில் நல்ல பட்டுச்சேலை தையல்காரர் முத்தையாவிடம் இருந்ததால் அவர் ராணி. ராஜாவின் செத்துப்போன அப்பா பேயாக வரவேண்டும், அது மூக்கையா. இளவரசன் கோமதிநாயகம். அவனுக்கு உயிர் நண்பனாக நம்பிராசன்.

கோமாளி வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. முட்டாள் மாதிரி நடிக்க எங்களுக்கு வராது சார் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கோமதிநாயகத்துக்கு நாடகத்துக்கு மறுநாள் காலையில் கல்யாணம். பெண் அவன் தாய்மாமன் குத்தாலிங்கத்தின் மகள் செண்பகம். பிடித்த இடம், பேசிய இடம், எல்லாம் சரிதான். ஆனால் போன தையிலேயே நடந்திருக்கவேண்டிய கல்யாணம் அது. மாப்பிள்ளை வரும்வரை பெண் வெளியே வரக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். பெண் வரும்வரை மாப்பிள்ளை உள்ளே போகக்கூடாது என்று இவனிடம் சொல்லிவிட்டார்கள். அவள் உள்ளேயும் இவன் வெளியேயுமாக நின்று முகூர்த்தம் போய்விட்டது. இப்போது ஆனி முடியப்போகிறது. இந்த முகூர்த்தத்தையும் விட்டால் ஆடி பிறந்துவிடும். செண்பகம் பாவம், அழுது அழுது தலையணையை வெயிலில் காயப்போடும்படி ஆகிவிட்டது.

வாத்தியார் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பாத்திரத்தை விளக்கினார். முதலில் நம்பிராசனை.

"சோக நாடகத்துல நாயகனுக்கு ஒரு நண்பன் இருப்பான். அவனுக்கு வசனம் ரொம்பக் கிடையாது. நாயகன் எங்க போனாலும் கூடவே நிப்பான். எதைச் சொன்னாலும் 'ஆம் பிரபு'ம்பான். எல்லாரும் செத்தபிறகு அவன் மட்டும் சாகாம இருந்து, நடந்ததை ஊர் உலகத்துக்குச் சொல்வான். நீதான் அது."

அன்று சாயங்காலமே நம்பிராசன் பாயைச் சுருட்டிக்கொண்டு கோமதிநாயகத்தின் வீட்டுக்கு வந்துவிட்டான். இவன் வயலுக்குப் போனால் அவனும் போனான். குளிக்கப் போனால் அவனும் போனான். கோமதிநாயகம் செண்பகத்திடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நேத்து உன்னைக் கனவுல பாத்தேன்," என்று மெதுவாகச் சொன்னபோது, பக்கத்திலிருந்து, "ஆம் பிரபு," என்று சத்தம் வந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து வாத்தியார் பொன்னிசக்கியிடம் சொன்னார். "நீ போடுற திட்டத்தை மேடையிலயே நின்னு பேசுவே. சபைக்குக் கேக்கணும். பக்கத்துல நிக்கிற ராஜாவுக்கு மட்டும் கேக்கக்கூடாது."

பொன்னிசக்கி ஒரு பொட்டலம் பஞ்சு வாங்கிவந்து ராஜாவின் இரண்டு காதிலும் திணித்துவிட்டார். சரியாகக் கேட்காமல் இருக்கிறதா என்று அவ்வப்போது, "அண்ணாச்சி, உங்களைக் கொல்லப்போறேன்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆவுடையப்பன், "சாப்பிட்டாச்சு, நீரு?" என்பார். இரண்டு பேருக்கும் திருப்தி.

பேயிடம் சொன்னது: "நீ இளவரசன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியணும். வேற யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது." மூக்கையா, "அதை நான் பாத்துக்கிடுதேன் சார்," என்றான்.

கோமதிநாயகத்திடம் சொன்னதில்தான் குழப்பம் வந்தது. "நாயகன் எல்லாத்துலயும் உசத்தியா இருப்பான். ஆனா அவங்கிட்ட ஒரே ஒரு குறை இருக்கும். அதனாலதான் எல்லாருக்கும் அழிவு வரும்," என்றார் வாத்தியார். அந்த நேரம் பார்த்து, மகளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிறபோது வாசலில் நின்று, "ஒண்ணு மறந்துட்டேன். செத்தவங்க திரை விழுற வரைக்கும் அசையவே கூடாது. நாடகத்தன்னைக்கு வந்துருதேன்," என்றார்.

அவர் போனதும் கோமதிநாயகத்திடம் என்ன குறை என்று ஊர் கூடித் தேடியது.

"மெதுவாச் சாப்பிடுவான்," என்றார் முத்தையா.

"அது வயித்துக்கு நல்லதுவே."

"காலைல எழுப்பினா எந்திரிக்க மாட்டான்."

"மறுபடி எழுப்பினா எந்திரிக்கான்லா."

குத்தாலிங்கம் எழுந்துவிட்டார். "ஒரு குறையும் இல்லாத பையன்னு சொல்லித்தான் எம் பிள்ளையைக் கேட்டீங்க. இப்போ குறை உண்டுன்னா நான் யோசிக்கணும்."

குறை இருந்தால் கல்யாணம் இல்லை, குறை இல்லாவிட்டால் நாடகம் இல்லை. பொன்னிசக்கியிடம் இருப்பதில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். "என்னைப் பூராவும் கெட்டவனா இருக்கச் சொல்லியிருக்காரு, எனக்கே பத்தாது," என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். கடைசியில் நம்பிராசன்தான் வழி சொன்னான்.

"நான் கூடவேதான இருக்கேன். குறை எங்கிட்ட இருக்கட்டும். வேணுங்கும்போது வாங்கிக்கிடட்டும்."

குத்தாலிங்கம் சமாதானமாகி உட்கார்ந்தார். அது என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை.

நாடகத்துக்கு முதல் நாள் கோயில் பூசாரி வந்து நின்றார். முகம் சரியில்லை.

"நாளைக்கு எத்தனை சாவு?"

"ராஜா, ராணி, தம்பி, இளவரசன்."

"பேய்?"

"அவரு எப்பவோ செத்தவரு. தீட்டெல்லாம் கழிஞ்சிருக்கும்."

"அப்போ நாலு. ஊர் எல்லைக்குள்ள ஒரு உசிரு போனா, பாடை எல்லை தாண்டுற வரைக்கும் நான் நடை திறக்கப்பிடாது. மறுநாள் காலைல கோயில்ல வச்சுக் கல்யாணம்னு சொல்லியிருக்கீங்க."

குத்தாலிங்கம் மெல்லக் கேட்டார். "சாயங்காலம் செத்தவன் காலைல எப்படித் தாலி கட்டுவான்?"

"மாமா, நடிப்புதான மாமா," என்றான் கோமதிநாயகம்.

"அப்போ ஒழுங்காச் சாகமாட்டியா? வாத்தியார் உன்னை நம்பி இளவரசன் வேஷம் குடுத்திருக்காரு மாப்பிள்ளை."

"மாமா சொல்லுதது சரிதான்," என்றார் முத்தையா. "பாதிச் சாவு செத்தா நம்ம ஊருக்குத்தான் அசிங்கம்."

"ராத்திரியோட ராத்திரியா நாலு பாடையையும் எல்லை தாண்டி வச்சிரலாமே."

"தூக்குற ஆளுங்கதானவே சாகுதாங்க."

வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டது. செண்பகம்தான். அதைக் கேட்டதும் பூசாரிக்கே மனசு கரைந்துவிட்டது. அவருக்கும் ஒரு மகள் உண்டு. அவரே ஒரு வழி சொன்னார்.

"செத்தபிறகு தூக்கிட்டு எல்லை தாண்டுறதுக்கு, உசிரோட நடந்து எல்லை தாண்டிப் போய்ச் செத்தா என்ன?"

ஆவுடையப்பனுக்குக் காதில் பஞ்சு இருந்ததால் அதை மூன்று பேர் சேர்ந்து கத்திச் சொல்லவேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தனை காலமா நம்ம ஊர்ல யாரும் இப்படி யோசிக்கலையே," என்றார்.

எல்லை என்றால் ஓடைதான். ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். ஆக, நாலு பேரும் எங்கள் மண்ணில் வந்து சாவது என்று முடிவு. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மேடையை ஓடைக்கரையில், ஓடைக்கு முதுகைக் காட்டிப் போட்டார்கள். ஜனங்கள் ஊர்ப் பக்கம் உட்கார்ந்து மேடையைப் பார்ப்பதாக ஏற்பாடு. சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம். செண்பகம் மட்டும் வரவில்லை, கல்யாணப் பெண் எல்லை தாண்டும் சாவையெல்லாம் பார்க்கக்கூடாதாம். வாத்தியாரையும் காணவில்லை. பேரன் பிறந்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

மத்தியான வெயில் தாழ்ந்ததும் நாடகம் தொடங்கியது. பொன்னிசக்கி மேடை நடுவில் நின்று, "இந்த அண்ணனைக் கொன்று நாட்டைப் பிடிப்பேன்," என்று சபைக்குச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல், "சும்மா பேச்சுக்குத்தான்," என்றும் சேர்த்துக்கொண்டார். அடுத்து பேய். வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூக்கையா திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "பேய் வரப்போகுது. இளவரசனைத் தவிர யாரும் பாக்கப்பிடாது. எல்லாரும் தயவுபண்ணி அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க." சபை மரியாதை தெரிந்த சபை. குழந்தை குட்டி முதற்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டோம். பேய் நிம்மதியாக வந்து பேசிவிட்டுப் போயிற்று.

பிறகு விருந்து. ராஜாவுக்குக் காது கேட்காததால், "குடியுங்கள் அண்ணா," என்று பொன்னிசக்கி தொண்டை வற்றும்வரை சொல்லிப் பார்த்துக் கடைசியில் தம்ளரைக் கையில் கொடுத்துச் சாய்த்துவிட்டார். ராணி முத்தையாவுக்குப் பாயசம் பிடித்துப்போய் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ராஜா மார்பைப் பிடித்துக்கொண்டு, "விஷம்," என்று அலறினார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, மேடைக்குப் பின்னால் ஓடையில் இறங்கினார். நடுவில் கால் வழுக்கியது. விஷம் வைத்த தம்பிதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "பாத்து அண்ணாச்சி, பாசி கிடக்கு," என்று பத்திரமாகக் கரையேற்றிவிட்டார். ராஜா எங்கள் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டி, கல் குத்தாத இடமாகப் பார்த்துப் படுத்துச் செத்தார். ராணி சேலை நனையாமல் தூக்கிப்பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் செத்தாள். அண்ணன் செத்த துக்கம் தாங்காமல் பொன்னிசக்கி மீதிப் பாயசத்தைத் தானே குடித்துவிட்டு வந்து பக்கத்தில் செத்தார். அது கதையில் கிடையாது. எப்படியும் சாகவேண்டியவர்தானே என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை.

கடைசியாக, விருந்தில் தன் பங்குப் பாயசத்தைக் குடித்திருந்த இளவரசன். "நம்பி, என் குறையைக் கொடு," என்றான் கோமதிநாயகம்.

"ஆம் பிரபு," என்று நம்பிராசன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான். கோமதிநாயகம் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினான். அப்படி ஒரு சாவை நான் கேள்விப்பட்டதே இல்லை. கை கால் உதறி, கண் செருகி, நாக்குத் தள்ளி, ஒழுங்காக, முழுசாகச் செத்தான்.

இனி மங்களம் பாடித் திரையை விடவேண்டும். கயிறு பேய் மூக்கையாவின் கையில் இருந்தது. வெள்ளந்திக்குறிச்சியில் வழக்கம் என்னவென்றால், வேஷம் கட்டியவர்கள்தான் மங்களம் பாடவேண்டும். மங்களம் பாடாமல் திரை விழக்கூடாது. வேஷம் கட்டிச் செத்தவர்களோ திரை விழாமல் அசையக்கூடாது.

"நீ பாடேன்," என்று மூக்கையா நம்பிராசனைக் கேட்டான்.

"எனக்கு நடந்ததைச் சொல்லத்தான் சொல்லியிருக்கு. பாடச் சொல்லலை. நீ பாடு."

"பேய் வாயால மங்களமா? விளங்குமா ஊரு?"

அதுவும் நியாயம்தான். பொழுது சாய்ந்தது. செத்தவர்கள் செத்தபடியே கிடந்தார்கள். மூக்கையா கயிற்றைப் பிடித்தபடி நின்றான். நம்பிராசன், நடந்ததை உலகத்துக்குச் சொல்ல ஆரம்பித்து, முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அப்படியே விடிந்துவிட்டது.

விடிந்தும் விடியாததுமாக வாத்தியார் ஊர்ப் பாதையில் வந்தார். ஜனங்கள் மொத்தமும் தன்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கும்பிட்டுக்கொண்டே மேடைக்குப் போனார். போய், ஓடைக்கு அப்பால் பார்த்தார்.

"எல்லாரும் எந்திரிங்கப்பா," என்று கத்தினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நம்பிராசன் பணிவாகச் சொன்னான். "திரை விழாம அசையக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க."

"இப்போ நானே சொல்லுதேன், எந்திரிங்க."

"நீங்க சொன்னதைத்தான் சார் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

வாத்தியார் மூக்கையாவிடம் கயிற்றை விடச் சொன்னார். மங்களம் ஆகவில்லை என்றான். தானே பாடுகிறேன் என்றார். நீங்க வேஷம் கட்டலையே சார் என்றான். கட்டுகிறேன் கொடு என்றார். எல்லா வேஷமும் செத்தவர்கள் மேல் இருந்தது. வாத்தியார் மேடை ஓரத்தில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அப்போது செண்பகம் வந்தாள். கூறைச்சேலை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ, கழுத்தில் மாலை. பின்னாலேயே குத்தாலிங்கம், பூசாரி, மேளக்காரர்கள். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கோயில் நடை திறந்திருக்கிறது, மாப்பிள்ளையைத்தான் காணவில்லை. அவள் விறுவிறுவென்று ஓடையைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தான், எந்திரிங்க."

கோமதிநாயகம் அசையவில்லை. ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவனால் முடிந்தது அவ்வளவுதான். உள்ளுக்குள் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"தையில வாசல்ல நின்னீங்க. இப்போ ஓடைக்கரையில செத்துக் கிடக்கீங்க. இதுக்கு மேல என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது அத்தான். எனக்குப் பயமா இருக்கு."

"ஆம் பிரபு," என்றான் நம்பிராசன். அவள் பின்னாலேயே ஓடை தாண்டி வந்திருந்தான். அவள் பார்த்த பார்வையில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இக்கரையிலிருந்தே மூக்கையாவைக் கேட்டாள். "மூக்கையாண்ணே, வேஷம் கட்டினவங்க மங்களம் பாடினா திரையை விடுவீங்களா?"

"விடுவேன் தாயி. யாரு கட்டியிருக்கா?"

"என்னைப் பாருங்க. இந்தப் பட்டு, இந்த மாலை, முகம் பூராவும் பவுடரு. நான் தினம் இப்படியா வீட்டுல இருக்கேன்?"

மூக்கையா அவளை மேலும் கீழும் பார்த்தான். "பவுடர் இருக்கு, மை இருக்கு, நெத்திச்சுட்டி இருக்கு," என்றான். "வேஷந்தான்."

செண்பகம் எழுந்து நின்று மங்களம் பாடினாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் நல்ல குரல். அக்கரையில் திரை, யாருமில்லாத மேடையில் தொப்பென்று விழுந்தது. செத்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். ராஜாவைத் தவிர. பஞ்சு இருந்ததால் அவருக்கு மங்களம் கேட்கவில்லை. பொன்னிசக்கிதான் காதிலிருந்து பஞ்சை உருவி, "அண்ணாச்சி, உயிர் வந்தாச்சு," என்று சொல்லிக் கைதூக்கிவிட்டார்.

கோயில்வரை போக நேரமில்லை. மேடையிலேயே மணையைப் போட்டார்கள். நனைந்த இளவரசன் நனைந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ராஜா தாலியை எடுத்துக் கொடுத்தார். "கட்டுப்பா," என்றார் பூசாரி. "ஆம் பிரபு," என்றான் நம்பிராசன். கெட்டிமேளம் கொட்டியது. செண்பகத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கோமதிநாயகம் மடியை அவிழ்த்து, அந்தக் குறையை நம்பிராசனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நல்ல கல்யாணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. பேய் வருகிறது திரும்புங்கள் என்றார்கள், திரும்பினோம். பேய் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லையே. சாவு, மங்களம், தாலி, எல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. நம்பிராசன் முன்னால் வந்து நின்று சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் அட்சதையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினோம். வாத்தியாருக்குத்தான் நிறைய விழுந்ததாம்.

வெள்ளந்திக்குறிச்சிக்காரர்கள் சாப்பாட்டு வாசனை வந்ததும் தாங்களாகவே திரும்பிவிட்டார்கள். அவர்கள் அப்படித்தான், பொறுமை போதாது. எங்கள் ஊர்க்காரர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், வாத்தியார் வாயால் சொல்லாமல் ஒருத்தரும் திரும்பக்கூடாது என்று. அவரோ அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டார். ஏறியதை நாங்கள் நன்றாகப் பார்த்தோம், அந்தப் பக்கம்தானே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றுவரை ஆள் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நேரமும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.